மூன்றாம் நாள் காலை

நடுவர் ஐயா அவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை மாலையை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

‘வெளிநாட்டு விடுமுறையில் மனம் நிறைவது பல நகரங்களைச் சுற்றிப் பார்ப்பதிலா, சின்னக் கடற்கரை ஊர்களில் ஆற அமரத் தங்குவதிலா?’ இதுதான் தலைப்பு. கடற்கரை ஊர்களில் தங்குவதிலேதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் மூன்று கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்தார். “சேர்த்து வைத்த காசைப் போட்டு, கெஞ்சி லீவு வாங்கிப் போகிறோம். போட்ட காசுக்கு நாலு ஊர் பார்க்க வேண்டாமா?” இது ஒன்று. “கடல்தான் வேண்டும் என்றால் மெரினா இல்லையா, வேளாங்கண்ணி இல்லையா?” இது இரண்டு. மூன்றாவதாகப் பழமொழியைத் துணைக்கு அழைத்தார். “விருந்தும் மருந்தும் மூன்று நாள். அதற்கு மேல் ஒரே ஊரில் உட்கார்ந்து என்ன செய்வது?” என்றார். கைதட்டலும் வாங்கினார்.

அந்தப் பழமொழியிலிருந்தே தொடங்குகிறேன். அண்ணா, விருந்துக்கு மூன்று நாள் என்று நம் முன்னோர் அளந்து சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் புகழ்ந்து பேசிய அந்தச் சுற்றுலாவில் எந்த ஊருக்கு மூன்று நாள் கொடுத்தீர்கள்? ஒரு ராத்திரி, அரை நாள், போகிற வழியில் ஒரு மணி நேரம். விருந்தின் அளவில் மூன்றில் ஒரு பங்குகூட எந்த ஊருக்கும் கிடைக்கவில்லையே!

அப்படி ஒரு பயணம் நானும் போயிருக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால், அம்மாவை அழைத்துக்கொண்டு. ஐந்து நாள், இரண்டு நாடு, நாலு நகரம். அம்மாவுக்கு அப்போது அறுபத்தாறு வயது, முழங்கால் வலி வேறு. காலை ஐந்தரைக்கு அறைக் கதவைத் தட்டுவார்கள். இருபது நிமிடத்தில் சாப்பாடு, உடனே பஸ். “இறங்குங்க, அரை மணி நேரம்தான்” என்று வழிகாட்டி சொல்லும்போதெல்லாம் அம்மா படியைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். அவர் இறங்கி நிழல் தேடி நிற்பதற்குள் எல்லோரையும் திரும்ப ஏறச் சொல்லிவிடுவார்கள். ஊருக்கு வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா ஆசையாகக் கேட்டார், “என்னம்மா பார்த்தீங்க?” அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். “பஸ்ஸுல ஜன்னல் ஓரம் கிடைச்சுது” என்றார். குறை சொல்வதற்காக அவர் அப்படிச் சொல்லவில்லை. தேடிப் பார்த்ததில் அவருக்கு அகப்பட்டது அதுதான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் போனில் நானூறு படம் இருந்தது. எந்தப் படம் எந்த ஊர் என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த முறை வியட்நாம் போனோம். திருச்சியிலிருந்தே ஹோ சி மின் நகருக்கு 2023ல் நேரடி விமானம் வந்துவிட்டது. இந்தியர்களுக்கு 90 நாள் வரை இ-விசா தருகிறார்கள். எங்களுக்குக் கிடைத்த விடுமுறை பத்து நாள். அந்தப் பத்து நாளில் நாங்கள் தங்கிய கடற்கரை ஊர்கள் இரண்டே இரண்டு: தெற்கே முய் நே, அதற்கு வடக்கே குய் ஞோன். நானும் அம்மாவும் என் மகனும்.

எதிரணித் தங்கை சைகோனின், அதாவது அந்த ஹோ சி மின் நகரின், பெருமையைப் பேசினார். அங்கே நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது, மாரியம்மன் கோயில் இருக்கிறது, பார்க்காமல் வரலாமா என்று கேட்டார். வரக்கூடாதுதான். நாங்களும் ஒரு நாள் முழுக்க அதற்கென்றே கொடுத்தோம். வியட்நாம் பெண்கள் மாரியம்மன் முன்னால் கண்ணை மூடி நிற்பதைப் பார்த்து அம்மா நெகிழ்ந்துபோனார். நகரத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை தங்கச்சி. ஓட்டத்தைத்தான் வேண்டாம் என்கிறேன்.

சரி, முய் நேவுக்கு வருகிறேன். ஃபான் தியெட் நகரை ஒட்டிய மீனவர் ஊர் அது. 1995 அக்டோபர் 24 அன்று முழு சூரிய கிரகணம் அந்தப் பக்கம் நன்றாகத் தெரிந்தது. அதைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். அதுவரை வெளியூர்க்காரர்கள் அவ்வளவாக எட்டிப் பார்க்காத கடற்கரை. வானத்தைப் பார்க்க வந்தவர்கள் மணலையும் தென்னையையும் பார்த்தார்கள். அதற்கப்புறம்தான் அங்கே தங்கும் விடுதிகள் வளர்ந்தன.

முதல் நாள் காலை நாங்கள் செய்ததும் எல்லோரும் செய்வதுதான். கரைக்குப் போனோம், வட்ட வட்டமான கூடைப் படகுகளைப் படம் எடுத்தோம், திரும்பினோம். நம் ஒகேனக்கல் பரிசல் மாதிரியே இருக்கும். மூங்கிலைப் பின்னி, மரப்பிசின் பூசிய கூடை. துங் சாய் என்பார்கள். இப்போது பிளாஸ்டிக்கிலும் ஃபைபரிலும்கூட வந்துவிட்டது. பெரிய படகுகள் ஆழத்தில் நிற்கும், பிடித்த மீனை இந்தக் கூடைதான் கரைக்குக் கொண்டுவரும். இரண்டாம் நாள், கரையோர டீக்கடையில் இருந்த குட்டி பிளாஸ்டிக் ஸ்டூலை அம்மாவுக்காகக் கேட்டு வாங்கினேன். அம்மா ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பார்த்தார். பெண்கள் மணலில் குந்தி, வந்த மீனை ரகம் ரகமாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை, அவர்களில் ஒரு பெண் அம்மாவை அடையாளம் கண்டு சிரித்தார். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்து மணலைக் கையால் தட்டிக் காட்டினார். அம்மா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிரே குவித்திருந்ததில் ஒன்றை எடுத்துப் பார்த்தார். விரல் நீளம், பக்கவாட்டில் வெள்ளிக் கோடு. “நெத்திலிடா!” என்றார் என்னைப் பார்த்து. அப்புறம் அவர் கை தானாக ஓட ஆரம்பித்தது. நெத்திலி ஒரு பக்கம், நண்டுக் குஞ்சு ஒரு பக்கம், பாசியும் குப்பையும் ஒரு பக்கம்.

நடுவர் ஐயா, அம்மா நாகப்பட்டினத்துக் கடற்கரையில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் கல்யாணமாகித் திருச்சிக்கு வந்தவர். கடலோரத்தில் உட்கார்ந்து அவர் மீன் பிரித்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அம்மாவுக்கும் அந்தப் பெண்ணுக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் பேச்சு நடந்தது. வெயில் ஏறியதும் அந்தப் பெண் தன் ஓலைத் தொப்பியைக் கழற்றி அம்மா தலையில் வைத்து, நாடாவைத் தாடைக்குக் கீழே இறுக்கிவிட்டார். அம்மா கையெல்லாம் செதில் ஒட்டி மின்னிக்கொண்டிருந்தது.

இதற்கு எங்கே டிக்கெட் வாங்குவது? எந்த நிகழ்ச்சி நிரலில் போடுவது? முதல் நாளில் இது நடக்காது. மூன்றாம் நாளும் அங்கேயே இருந்ததால் நடந்தது.

இப்போது மெரினா கேள்வி. மெரினாவை நான் ஒரு சொல்லும் குறைத்துப் பேச மாட்டேன், அது நம் வீட்டு முற்றம். ஆனால் கடல் எல்லாம் ஒன்று என்பதை ஏற்க மாட்டேன். அலையைத் தாண்டிப் போவதற்கு நம் ஆட்கள் மரத்தைச் சேர்த்துக் கட்டினார்கள். கட்டுமரம் என்ற நம் சொல்லைத்தான் உலகம் கேட்டமரான் என்கிறது. அதே வேலைக்கு முய் நேக்காரர் கூடை முடைந்தார். எடை குறைவு, அலை தூக்கினால் தக்கை மாதிரி ஏறி இறங்கும், வேலை முடிந்தால் மணலில் உருட்டிக்கொண்டே மேலே ஏற்றிவிடலாம். துறைமுகமே வேண்டாம். நாம் ஆற்றில் விடும் பரிசலை அவர்கள் கடலில் விடுகிறார்கள். நம் கடற்கரையை அறிந்தவனுக்குத்தான் அந்தக் கடற்கரையின் அருமை புரியும். மெரினா இருக்கிறது என்பது அங்கே போகாமலிருக்கக் காரணம் ஆகாது, போய் நின்று பார்ப்பதற்குத்தான் காரணம்.

அந்த நெத்திலி எங்கே போகிறது என்று என் மகன் கேட்டான். விடுதிக்கார அம்மா மறுநாள் ஒரு மீன்சாறு பட்டறைக்கு எங்களை அனுப்பிவைத்தார். மூன்று பங்கு நெத்திலிக்கு ஒரு பங்கு உப்பு, வரிசை வரிசையாகப் பெரிய மண் ஜாடிகள். ஏறக்குறைய ஒரு வருடம் ஊறி, கரைந்து, தேன் நிறத்தில் சாறாக இறங்கும். நுவோக் மாம் என்பது அதுதான். ஃபான் தியெட்டுக்குப் பேர் வாங்கித் தந்த சரக்கு. மணம் மூக்கைத் துளைக்கும், உண்மைதான். மகன் முதலில் மூக்கைப் பொத்தினான். அப்புறம் ஒவ்வொரு ஜாடிக்கும் எத்தனை மாதம் ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே நடந்தான்.

பொழுதுபோகாது என்றார்களே, அதற்கும் பதில் சொல்கிறேன். மகனுக்குச் செம்மணல் மேட்டில் பிளாஸ்டிக் தகட்டை வாடகைக்கு வாங்கிச் சறுக்குவதற்கு ஒரு மாலை போதவில்லை. கணுக்கால் அளவே தண்ணீர் ஓடும் ஓடை ஒன்று சிவப்பும் வெள்ளையுமான மணல் சுவர்களுக்கு நடுவே போகிறது. அதில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். எனக்கு அந்த ஊர்க் காப்பியே பொழுதுபோக்கு. டம்ளருக்கு மேல் ஒரு சின்ன அலுமினிய வடிகட்டியை உட்கார வைப்பார்கள். அடியில் கண்டென்ஸ்டு மில்க். டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். அவசரப்படுத்தினால் இறங்காது. கும்பகோணத்து டிகாக்‌ஷனுக்குக் காத்திருந்து பழகியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பல கடைகளில் நாற்காலிக்குப் பதில் தூளி கட்டியிருப்பார்கள். படுத்துக்கொண்டே காப்பிக்குக் காத்திருக்கலாம். இருபது வருடமாக ஓடி ஓடி உழைத்தவனுக்கு ஒரு மதியம் தூளியில் கிடப்பது சோம்பேறித்தனமா ஐயா? விடுமுறை என்ற சொல்லுக்கு வேறு என்ன பொருள்?

இரவில் ஊரைவிட்டுக் கொஞ்சம் வெளியே போனால் வயல் முழுக்க விளக்கு எரியும். டிராகன் பழத் தோட்டங்கள். பருவம் இல்லாத மாதங்களிலும் பூக்க வைக்க ராத்திரியில் செடிக்கு வெளிச்சம் காட்டுகிறார்கள். திருவிழா என்று நினைத்துக் கிட்டே போனால் ஒருத்தர்கூட இல்லை, செடிகள் மட்டும் விழித்திருக்கின்றன.

முய் நேவிலிருந்து குய் ஞோனுக்கு ரயில். ஹனோயையும் சைகோனையும் இணைக்கும் 1,726 கிலோமீட்டர் பாதையில் ஒரு துண்டு, எங்களுக்கு ஒரு பகல் முழுக்க ஆயிற்று. வழியில் உப்பளம், மலை வந்து கடலில் இறங்கும் இடம். அம்மாவுக்கு இந்த முறையும் ஜன்னல் ஓரம்தான். ஆனால் இறங்கச் சொல்லி யாரும் விரட்டவில்லை.

குய் ஞோன் பக்கம் ஒரு காலத்தில், அந்தப் பகுதியை ஆண்ட சம்பா அரசின் தலைநகரம் இருந்தது. அதன் பெயர் விஜயா. 1471ல் வடக்கிலிருந்து வந்த படையிடம் விழுந்தது. சம்பாக்காரர்கள் எழுப்பிய இரட்டைச் செங்கல் கோபுரங்கள் இன்றும் ஊருக்குள், வீடுகளுக்கு நடுவே நிற்கின்றன. சம்பா மன்னர்கள் சிவனைக் கும்பிட்டவர்கள் என்று சொன்னதும் அம்மா அந்தக் கோபுரத்தைச் சுற்றி வந்தார்.

அப்புறம் குய் ஹோவா. ஊருக்குப் பக்கத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவில் 1929ல் தொழுநோயாளிகளுக்காக உண்டான மருத்துவமனை. ஹான் மாக் தூ என்ற கவிஞர் 1940ல் அங்கேதான் இறந்தார், இருபத்தெட்டே வயதில். நோயாளிகளுக்கென்று அமைந்த சின்னச் சின்ன வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. வாசலில் பூச்செடி, எதிரே சவுக்கு, அதற்கப்பால் கடல். இந்த இடம் எங்கள் பட்டியலிலேயே இல்லை. மூன்றாம் நாள் மாலை, தங்கியிருந்த வீட்டுப் பையன்தான் “வாங்க, ஒரு இடம் காட்டுறேன்” என்று அழைத்துப்போனான். எங்கள் வாழ்நாளில் நாங்கள் நின்ற அமைதியான கடற்கரை அதுதான்.

கடைசியாகக் காசுக் கணக்கு. தாய்லாந்தின் பீ பீ தீவுகளில் மாயா விரிகுடா என்று ஒரு கரை. விசைப்படகில் வந்து, இறங்கி, படம் எடுத்து, அடுத்த தீவுக்குப் பறக்கும் கூட்டம் ஒரு நாளைக்கு 5,000 பேர் வரை வந்தது. நங்கூரம் பட்டுப் பவளப்பாறைகள் நொறுங்கின. 2018ல் கரையையே மூடினார்கள். 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள், அதுவும் ஆள் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு போட்டு, படகுகளைப் பின்பக்கமாகத் திருப்பிவிட்டு. “நாலு இடம் பார்க்கணும்” என்ற அவசரம் ஒரு கடலை என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நாங்கள் கொடுத்த காசு டீக்கடைக்கும், விடுதி அம்மாவுக்கும், மீன் சுட்டுத் தந்த பெண்ணுக்கும் கை மேல் போயிற்று. தினமும் அதே கடை என்பதால் நாலாம் நாள் மகனுக்கு மாம்பழம் சும்மாவே வெட்டித் தந்தார்கள். போட்ட காசுக்கு நாலு ஊர் பார்க்கவில்லை அண்ணா, உண்மைதான். இரண்டு ஊரைப் பார்த்தோம். அந்த ஊர்களும் எங்களைப் பார்த்தன.

திரும்பி வந்து ஐந்து மாதம் ஆகிறது. போன வாரம் அம்மா நெத்திலிக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா வந்திருந்தார். மீனை அலசிக்கொண்டே அம்மா சொன்னார்: “அங்க நாங்க பிரிச்சுப் போட்டது இந்நேரம் ஜாடியில பாதி கரைஞ்சிருக்கும். இன்னும் ஏழு மாசம் இருக்கு.”

நடுவர் ஐயா, தீர்ப்பு உங்கள் கையில். வணக்கம்.