பத்தாவது இன்னிங்ஸில் வந்து நின்ற ஐந்து வருடம்

வணக்கம் நண்பர்களே. இன்று சிகாகோ கப்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணி பற்றிப் பேசப் போகிறேன். 2016 நவம்பர் 2, கிளீவ்லாந்து, பேஸ்பால் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது, கடைசி ஆட்டம். முழு ஆட்டமும் வேண்டாம், பத்தாவது இன்னிங்ஸ் மட்டும் போதும். எனக்குப் பின்னால் பலகையில் அந்த இன்னிங்ஸில் முக்கியமாக இருந்த கப்ஸ் வீரர்களின் பெயர்களை வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொருவரும் இந்த அணிக்கு எப்படி வந்தார் என்று பார்த்துக்கொண்டே போவோம். ஒரு பேஸ்பால் அணியை அடியிலிருந்து கட்டுவது என்றால் என்ன என்பது இந்த ஒரு இன்னிங்ஸிலேயே தெரிந்துவிடும்.

முதலில் பின்னணி. கப்ஸ் கடைசியாகக் கோப்பை வாங்கியது 1908இல். பாஸ்டன் அணியின் 86 வருட வறட்சியை 2004இல் முடித்து வைத்த தியோ எப்ஸ்டீன், 2011 அக்டோபரில் கப்ஸ் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். ஜெட் ஹோயரைப் பொது மேலாளராக அழைத்துக்கொண்டார். வந்த முதல் வருடம் 101 தோல்வி. அடுத்த வருடம் 96. அதற்கடுத்து 89. கப்ஸின் மைதானமான ரிக்லி ஃபீல்டுக்குக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்தவர்கள் மூன்று வருடம் இதைத்தான் பார்த்தார்கள்.

தோற்றால் நல்ல பையன்கள் கிடைப்பார்கள், அதற்குத்தான் தோற்கிறார்கள் என்று பலர் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. புதுப் பையன்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் மீதிப் பாதி புரியும். நமக்கு ஐபிஎல் ஏலம் பழக்கம். அங்கே கையில் பணம் இருந்தால் யாருக்கு வேண்டுமானாலும் விலை கேட்கலாம். டிராஃப்டில் ஏலமே கிடையாது. போன சீசனில் அதிகம் தோற்ற அணிக்கு முதல் தேர்வு, அடுத்த அணிக்கு இரண்டாவது, இப்படி வரிசையாகப் போகும். அன்றைய விதி அது. 2023 டிராஃப்டிலிருந்து முதல் ஆறு இடங்களைக் குலுக்கல் முறையில் முடிவு செய்கிறார்கள். அப்புறம், பேஸ்பாலில் இன்று எடுத்த பையன் நாளைக்கே ஆட மாட்டான். கீழ்மட்டப் போட்டிகளான மைனர் லீக்கில் படிப்படியாக ஏறி வர வேண்டும். சிலருக்கு இரண்டு வருடம், சிலருக்கு ஐந்து, பெரும்பாலானவர்கள் மேலே வருவதே இல்லை. அதனால் முதல் வரிசைத் தேர்வு என்பது ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். அதற்கு உத்தரவாதம் எதுவும் கிடையாது.

சரி, பலகைக்கு வருவோம்.

வழக்கமான ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் 6-6, அதனால் பத்தாவது. மழை வந்து 17 நிமிடம் ஆட்டம் நின்றது. மறுபடி தொடங்கியதும் முதல் பேட்டர் கைல் ஷ்வார்பர், வலது பக்கம் ஒரு சிங்கிள், அதாவது அடித்துவிட்டு முதல் பேஸை எட்டினார். நான்கு பேஸையும் சுற்றி வந்தால்தான் ஒரு ரன். 2014 டிராஃப்டில் நான்காவது தேர்வு, இண்டியானா பல்கலைக்கழகக் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்). இவ்வளவு முன்னால் எடுக்கிற ஆளா என்று அன்று பலர் கேட்டார்கள். அந்த இடத்துக்கு லீக் வகுத்த தொகையை விடக் குறைவாக, 31 லட்சம் டாலருக்குச் சற்று மேல் வாங்கிக்கொண்டு ஒப்பந்தம் போட்டார். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 2012 முதல் ஒவ்வொரு அணிக்கும் டிராஃப்டின் முதல் பத்துச் சுற்றுக்குச் சேர்த்து ஒரே போனஸ் தொகைதான். ஷ்வார்பரிடம் மிச்சம் பிடித்தால் அதைக் கீழ்ச் சுற்றுகளில் செலவழிக்கலாம். அப்படித்தான் ஆறாவது சுற்றில் டிலன் சீஸ் என்ற பள்ளி மாணவனுக்கு 15 லட்சம் டாலர் கொடுத்தார்கள். முழங்கை அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த பிட்சர் (பந்து வீசுபவர்) அவர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

ஷ்வார்பரை விட்டு நகர எனக்கு மனசு வரவில்லை. 2016 சீசனின் மூன்றாவது ஆட்டத்திலேயே சக வீரருடன் மோதி முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. அந்த வருடம் முடிந்தது என்றார்கள். மற்ற அணிகள் டிரேடில் (வீரர் பரிமாற்றத்தில்) அவரைக் கேட்டபோதும் எப்ஸ்டீன் கொடுக்கவில்லை. நேராக வேர்ல்ட் சீரிஸில் வந்து இறங்கி 17 முறை பேட் பிடித்ததில் 7 ஹிட் அடித்தார். ஆறு மாதம் மேஜர் லீக்கில் (பேஸ்பாலின் உச்ச மட்டத்தில்) ஒரு பந்துகூட ஆடாத மனிதர்! எனக்கு இன்றும் அது ஆச்சரியம்தான்.

ஷ்வார்பருக்குப் பதிலாக ஓட வந்தவர் ஆல்பர்ட் அல்மோரா. 2012 டிராஃப்டில் ஆறாவது தேர்வு. எப்ஸ்டீன் கப்ஸுக்கு வந்து எடுத்த முதல் பையன். பெரிய நட்சத்திரமாக வளரவில்லை. ஆனால் அடுத்த பந்தடியைப் பாருங்கள். கிறிஸ் பிரையன்ட் சென்டர்ஃபீல்டின் (மைதானத்தின் நடுப் பின்பகுதி) விளிம்பு வரை தூக்கி அடிக்கிறார், பிடித்துவிட்டார்கள். அல்மோரா முதல் பேஸுக்குத் திரும்பி வந்து மிதித்துவிட்டு, பந்து கையில் விழுந்த நொடியில் இரண்டாவது பேஸுக்கு ஓடினார். நிறையப் பேர் பாதி வழியில் நின்று வேடிக்கை பார்த்திருப்பார்கள். ஆட்டம் திரும்பிய இடம் இதுதான் என்பேன்.

பிரையன்ட், 2013 டிராஃப்டில் இரண்டாவது தேர்வு. முதல் தேர்வு ஹூஸ்டனுடையது. அவர்கள் 107 ஆட்டம் தோற்றிருந்தார்கள். அவர்கள் எடுத்தது மார்க் அப்பெல் என்ற பிட்சரை. கல்லூரியில் ஒரே சீசனில் 31 ஹோம்ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்த பிரையன்ட் கப்ஸுக்கு மிச்சமாக இருந்தார். அப்பெல் மேஜர் லீக்கில் முதன்முதலாகப் பந்து வீசியது 2022இல், 30 வயதில், வேறு அணிக்கு. பிரையன்ட் 2016இல், மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கினார். எப்ஸ்டீன் குழு உயர்ந்த தேர்வுகளை எல்லாம் பேட்டர்களுக்கே செலவழித்தது. பிட்சரின் கையும் தோளும் எப்போது பழுதாகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பேட்டரை வளர்த்துக்கொள், பிட்சரை வாங்கிக்கொள் என்று முடிவு செய்தார்கள். அதை எவ்வளவு பிடிவாதமாகச் செய்தார்கள் என்றால், அந்த வேர்ல்ட் சீரிஸில் கப்ஸுக்காகப் பந்து வீசியவர்களில் ஒருவர்கூட கப்ஸ் டிராஃப்ட் செய்த ஆள் இல்லை.

பிரையன்ட் விஷயத்தில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. மேஜர் லீக்கில் ஆறு முழு வருடம் முடித்தால்தான் ஒரு வீரர் தன் விலையைத் தானே பேசிக்கொள்ள முடியும். ஒரு முழு வருடம் என்றால் 172 நாள். 2015 பயிற்சிக் காலத்தில் பிரையன்ட் 9 ஹோம்ரன் அடித்தார். அப்படியும் சீசன் தொடங்கியதும் மைனர் லீகுக்கு அனுப்பிவிட்டு ஏப்ரல் 17ஆம் தேதி கூப்பிட்டார்கள். வருட முடிவில் அவர் கணக்கு 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு, அணிக்கு ஒரு வருடம் லாபம்! அவர் முறையிட்டார்; 2020இல் நடுவர் அணிப் பக்கம் தீர்ப்பு சொன்னார். விதிப்படி சரி. ஆனால் தகுதி இருக்கிற 23 வயதுப் பையனைக் காலண்டரைப் பார்த்து உட்கார வைப்பது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து ஆண்டனி ரிஸ்ஸோ. அவருக்கு வேண்டுமென்றே வாக் கொடுத்தார்கள், அதாவது அடிக்க விடாமல் முதல் பேஸை இலவசமாக விட்டுக்கொடுத்தார்கள். எப்ஸ்டீன் பாஸ்டனில் இருந்தபோது 2007இல் ஆறாவது சுற்றில் எடுத்த பையன். அடுத்த வருடமே புற்றுநோய், சிகிச்சை எடுத்து மீண்டார். பிறகு பாஸ்டன் அவரை டிரேடில் சான் டியாகோவுக்கு அனுப்பியது. அப்போது சான் டியாகோ பொது மேலாளர் இதே ஹோயர். அங்கே 2011இல் 49 ஆட்டத்தில் பேட்டிங் சராசரி .141, அதாவது ஏழு முறைக்குச் சுமார் ஒரு ஹிட். எல்லோரும் கை கழுவியிருப்பார்கள். ஹோயரும் எப்ஸ்டீனும் சிகாகோவுக்கு வந்ததும், ஆண்ட்ரூ கேஷ்னர் என்ற வேகப் பிட்சரைக் கொடுத்து மூன்றாவது முறையாக அதே பையனை வாங்கினார்கள். 49 ஆட்டத்து எண்ணை நம்பாமல் அவரைச் சிறு வயதிலிருந்து தெரிந்ததை நம்பினார்கள்.

பென் ஸோப்ரிஸ்ட் டபுள் (இரண்டாவது பேஸை எட்டும் அடி) அடிக்கிறார், அல்மோரா உள்ளே, 7-6. ஸோப்ரிஸ்ட் பணம் கொடுத்து வாங்கிய ஆள், நான்கு வருடத்துக்கு 5 கோடியே 60 லட்சம் டாலர். பெரும்பாலும் இளைஞர்கள் தயாரான பிறகுதான் இந்த மாதிரிப் பணத்தை எடுத்தார்கள். அடுத்து அடிசன் ரஸ்ஸலுக்கும் வாக். 2014 ஜூலையில் ஜெஃப் ஸமார்ஜா, ஜேசன் ஹேமல் என்ற இரண்டு பிட்சர்களை ஓக்லாந்துக்குக் கொடுத்து வாங்கிய ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு இடையே நிற்கும் ஃபீல்டர்). பிறகு மிகெல் மொன்டேரோ சிங்கிள், ரிஸ்ஸோ உள்ளே, 8-6. மொன்டேரோவும் டிரேடில் வந்தவர்.

இனி பந்து வீசியவர்கள். கார்ல் எட்வர்ட்ஸ் இரண்டு பேரை அவுட்டாக்கிவிட்டு, ஒரு வாக் கொடுத்து, ஒரு ரன்னும் விட்டார். இவரை டெக்ஸஸ் 2011 டிராஃப்டில் எந்தச் சுற்றில் எடுத்தது தெரியுமா? 48ஆவது சுற்று! இன்று டிராஃப்டே 20 சுற்றோடு முடிந்துவிடுகிறது. 2013இல் மாட் கார்ஸாவை டெக்ஸஸுக்குக் கொடுத்தபோது வந்த நால்வரில் இவர் ஒருவர். கடைசி அவுட் மைக் மான்ட்கோமரி, அதே 2016 ஜூலையில் சியாட்டிலிலிருந்து வாங்கிய இடது கை பிட்சர். பந்து பிரையன்டிடம் உருண்டு போக, அவர் ரிஸ்ஸோவுக்கு எறிய, 108 வருடம் முடிந்தது.

பலகையை மொத்தமாகப் பாருங்கள். ஒன்பது பெயரில் தோற்றதற்குக் கூலியாகக் கிடைத்த டிராஃப்ட் ஆட்கள் மூன்றே பேர். ஒருவர் பணத்துக்கு வந்தவர். மீதி ஐந்து பேரும் டிரேடு.

பலகையில் இல்லாத இருவரைச் சொல்லாமல் விட்டால் கதை நிற்காது. 2013க்காக ஸ்காட் ஃபெல்ட்மன் என்ற பிட்சரை ஒரே வருட ஒப்பந்தத்தில் 60 லட்சம் டாலருக்கு எடுத்தார்கள். அவரோடு கோப்பை வாங்கும் எண்ணம் யாருக்கும் இல்லை. மூன்று மாதம் நன்றாக வீசினால் ஜூலையில் பிட்சர் தேடும் அணி ஏதாவது வாங்கிக்கொள்ளும். அப்படியே ஆனது. பால்டிமோர் வாங்கியது, பதிலுக்கு வந்தவர்களில் ஒருவர் ஜேக் அரியேட்டா. பால்டிமோரில் அவர் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 5.46 ரன் விட்டுக்கொண்டிருந்தார். குறுக்கே காலெடுத்து வைத்து வீசுவது அவருக்கு இயல்பு. அங்கே அதை மாற்றப் பார்த்தார்கள். சிகாகோ அவர் போக்கிலேயே விட்டது. 2015இல் 22 வெற்றி, 6 தோல்வி, சராசரி 1.77, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. 2016 வேர்ல்ட் சீரிஸில் இரண்டு ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார். இன்னொருவர் கைல் ஹென்ட்ரிக்ஸ். 2012 ஜூலை 31, டிரேடுக்குக் கடைசி நாள். வயதான ரையன் டெம்ப்ஸ்டரை டெக்ஸஸுக்குக் கொடுத்ததில் வந்த எட்டாவது சுற்றுப் பையன். வேகம் கிடையாது. 2016இல் மேஜர் லீகிலேயே மிகக் குறைந்த சராசரி, 2.13. ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கியவர் அவர்தான். தோற்கும் வருடங்களில் எப்ஸ்டீன் செய்த உண்மையான வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். சீசன் முடிந்ததும் போகப் போகிற ஆட்களைச் சரியான வாரத்தில் கொடுத்து, மற்ற அணிகள் பொறுமை இழந்த பையன்களை வாங்கினார். முன்பிருந்த நிர்வாகத்துக்கும் பங்கு உண்டு: 2016 அணியில் ஆடிய ஹாவியர் பேயஸையும் வில்சன் கொன்ட்ரேராஸையும் சேர்த்தது அவர்கள்தான்.

இப்போது கசப்பான பக்கம். 2016 ஜூலையில் கப்ஸ் வாங்கும் இடத்துக்கு வந்துவிட்டது. அரோல்டிஸ் சாப்மன் என்ற பிட்சருக்காக நான்கு பேரை நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்தார்கள். அதில் கிளெய்பர் டோரஸ், கப்ஸிடம் இருந்த மிகச் சிறந்த இளைஞன். குடும்ப வன்முறை தொடர்பான லீக் விதியின் கீழ் அந்த சீசனின் தொடக்கத்தில் சாப்மனுக்கு 30 ஆட்டத் தடை. அதனால் இந்த டிரேடை முழு மனதோடு என்னால் கொண்டாட முடியவில்லை. ஏழாவது ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் சமன் செய்த ஹோம்ரனை விட்டதும் அவர்தான். சீசன் முடிந்ததும் யாங்கீஸுக்கே திரும்பிப் போனார். டோரஸ் 2018, 2019 இரண்டிலும் ஆல்ஸ்டார் (வருடாந்திர நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர்). ஆனாலும், கிடைத்தது ஒரு வேர்ல்ட் சீரிஸ் என்பதால் பேஸ்பால் கணக்கில் மட்டும் அந்த விலை சரி என்பேன்.

2017 ஜூலையில் செய்ததுதான் உறுத்துகிறது. பிட்சரை வாங்கிக்கொள்ளலாம் என்ற கொள்கைக்கு இங்கேதான் பில் வந்தது. சொந்தமாக வளர்த்த பிட்சர் இல்லாததால் ஹோசே கின்டானா என்ற பிட்சருக்காக எலோய் ஹிமேனஸ் என்ற இளம் பேட்டரையும், நான் ஞாபகம் வைக்கச் சொன்ன டிலன் சீஸையும் அதே ஊர் வைட் ஸாக்ஸுக்குக் கொடுத்தார்கள். 2022 அமெரிக்கன் லீக் சை யங் வாக்கெடுப்பில் சீஸ் இரண்டாவது இடம். கின்டானா 2018இலும் 2019இலும் நான்குக்கு மேல் சராசரி வைத்தார். கையில் இருந்த பிட்சரைக் கொடுத்துப் பிட்சர் வாங்கியிருக்கிறார்கள்! கப்ஸ் மறுபடி வேர்ல்ட் சீரிஸுக்குப் போகவில்லை.

2021 ஜூலை இறுதியில் இரண்டே நாளில் ரிஸ்ஸோ, பேயஸ், பிரையன்ட் மூவரும் போனார்கள். அனுப்பியவர், எப்ஸ்டீனுக்குப் பிறகு தலைமைக்கு வந்த ஹோயர். மூவருக்கும் ஒப்பந்தத்தில் மீதி இருந்தது இரண்டு மாதம். பேயஸைக் கொடுத்து நியூயார்க் மெட்ஸிடமிருந்து வாங்கியது பீட் குரோ ஆம்ஸ்ட்ராங் என்ற 19 வயதுப் பையனை. அந்த சீசனில் ஆறே ஆட்டம் ஆடி, தோளில் அறுவை சிகிச்சை முடிந்து உட்கார்ந்திருந்தவர். ஃபெல்ட்மனைக் கொடுத்து அரியேட்டாவை வாங்கிய அதே கைதான் இதுவும். 2025இல் அவர் கப்ஸின் சென்டர்ஃபீல்டர், ஆல்ஸ்டார்.

அடுத்த வீடியோவில் பால்டிமோர். அரியேட்டாவை விட்ட அணி தன்னை எப்படிக் கட்டிக்கொண்டது என்று பார்க்கலாம்.