உலையில் போட்ட நோட்டு

அவையோருக்கு வணக்கம்.

தப்பி ஓடிவந்த அடிமைகளை ஒளித்து வைப்பதற்கென்றே இருந்த வீட்டுக்கு நினைவுச்சின்னம் எழுப்புவது எப்படி? இதைப் பற்றித்தான் கொஞ்ச நேரம் பேசப் போகிறேன்.

அமெரிக்காவில் ஒஹாயோ ஆற்றின் கரையில் ரிப்லி என்று ஒரு சிற்றூர். தென்கரையில் கென்டக்கி மாநிலம், அங்கே 1865 வரை அடிமை முறை இருந்தது. வடகரையில் ஒஹாயோ மாநிலம், அங்கே அப்போதே கிடையாது. நடுவில் ஓடுவது ஓர் ஆறுதான். தப்பி வருகிறவர்களுக்குச் சோறு போட்டு, ஒளித்து வைத்து, அடுத்த வீட்டுக்கு அனுப்பிய அந்த ரகசிய வலைக்கு 'அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு' என்று பெயர். பெயரில்தான் ரயில், தண்டவாளமெல்லாம் எதுவுமில்லை.

ரிப்லியில் மலை மேல் ஒரு வீடு இருக்கிறது. ஜான் ராங்கின் என்ற பாதிரியார், மனைவி, பதின்மூன்று பிள்ளைகள் வாழ்ந்த வீடு. இரவில் அங்கே எரியும் விளக்கு அக்கரையிலிருந்தே தெரியுமாம். 1938இல் மாநில அரசே அதை வாங்கிவிட்டது. ஆற்றங்கரையில் இன்னொரு வீடு. அது ஜான் பார்க்கர் என்ற கறுப்பினத்தவருடையது. அந்த வீடு பல காலம் கவனிப்பாரில்லாமல் கிடந்தது. 1990களில்தான் உள்ளூர் மக்கள் சங்கம் அமைத்து மீட்டார்கள்.

பார்க்கர் யார் தெரியுமா? எட்டு வயதில் தாயிடமிருந்து பிரித்து விற்கப்பட்டவர். வார்ப்பு ஆலையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில், 1845இல் 1,800 டாலர் கொடுத்துத் தன்னைத் தானே விலைக்கு வாங்கிக்கொண்டார். ரிப்லியில் சொந்தமாக வார்ப்பு ஆலை நடத்தினார். பகலில் இரும்பு, இரவில் படகு. வருகிறவர்களுக்காக வீட்டில் காத்திருக்கவில்லை, ஆற்றைக் கடந்து போய் அழைத்து வந்தார்.

அவரே சொன்ன ஒரு சம்பவம். ஒரு தம்பதி ஓடிவிடக் கூடாதென்று, அவர்களுடைய கைக்குழந்தையை எசமான் தினமும் தன் படுக்கையின் கால்மாட்டில் தூங்க வைத்தான். பக்கத்திலேயே துப்பாக்கி. பார்க்கர் அந்த அறைக்குள் தவழ்ந்து போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பிடிபட்டிருந்தால்? ராங்கினுக்கு அபராதமும் சிறையும். பார்க்கருக்கு, விலை கொடுத்து வாங்கிய விடுதலையோடு உயிரும் போயிருக்கும்.

சரி, சான்றுக்கு வருகிறேன். பார்க்கர் ஒரு நோட்டு வைத்திருந்தார். தான் உதவியவர்களின் பெயர், தேதி எல்லாம் அதில் எழுதியிருந்தார். மொத்தம் 315 பேர். 1850இல் புதிய சட்டம் வந்தது. தப்பியவர்களுக்கு உதவினால் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. யார் கையிலாவது சிக்கிவிடுமோ என்று பயந்து, அந்த நோட்டைத் தன் ஆலை உலையிலேயே போட்டுவிட்டார். 1880களில் ஒரு பத்திரிகையாளரிடம் அவர் சொன்ன வாழ்க்கைக் கதை புத்தகமாக அச்சேறியது 1996இல்தான்.

1998இல் அமெரிக்க அரசு இத்தகைய இடங்களுக்கென ஒரு தேசியத் திட்டம் கொண்டுவந்தது. இடம்பெற விரும்பினால் சான்று காட்ட வேண்டும். நியாயம்தான். பழைய வீட்டு நிலவறையெல்லாம் அடிமைகள் ஒளிந்த இடம் என்று கதை விடுகிறவர்கள் அங்கேயும் நிறைய. பாதிப் பேர் வீட்டில் அது உருளைக்கிழங்கு போட்டு வைத்த பள்ளமாகத்தான் இருக்கும்! ஆனாலும் எனக்கு ஓர் உறுத்தல். யார் வீட்டுக் காகிதம் பிழைத்தது, யார் வீட்டுக் காகிதம் எரிந்தது?

நியூயார்க்கின் புரூக்ளினில் டஃப்பீல்டு தெரு, 227ஆம் எண் வீட்டுக்கும் இதே வழக்கு. 1850களில் அங்கே குடியிருந்தவர்கள் அடிமை ஒழிப்புக்காரர்கள் என்பதற்குச் சான்று உண்டு. யாரையாவது ஒளித்து வைத்தார்களா என்பதற்கு நேரடியான சான்று இல்லை. வீட்டை இடிக்கப் பலமுறை பார்த்தார்கள், மக்கள் விடவில்லை. 2021இல் நகர நிர்வாகம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. எழுத்துச் சான்று கிடைக்கும்வரை காத்திருந்தால் அங்கே இன்றைக்கு வீடே இருந்திருக்காது.

ரிப்லிக்குப் போகிறவர்கள் முதலில் படி ஏறி மலை வீட்டைப் பார்க்க ஆசைப்படுவார்கள். தாராளமாகப் பார்க்கட்டும். உங்களில் யாராவது போனால், முதலில் ஆற்றங்கரை வீட்டுக்குப் போங்கள். வாசலில் நின்றால் எதிரே கென்டக்கி தெரியும். அந்தத் தண்ணீரைத்தான் அவர் இரவில் படகில் கடந்தார்.