லிவரை இழுத்தாயிற்று, முன்சக்கரம் ஏன் இழுக்கவில்லை?

வணக்கம். ஜீப் சேற்றில் மாட்டிக்கொண்டது, ஃபோர் வீல் லிவரை இழுத்தாயிற்று, ஆனாலும் பின்சக்கரம் மட்டும் சேற்றை வாரி இறைக்கிறது, முன்சக்கரம் சும்மா நிற்கிறது. 1987 முதல் 1995 வரை வந்த ஜீப் ரேங்ளர் ஒய்ஜே வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய கதை. உடனே டிரான்ஸ்ஃபர் கேஸை, அதாவது எஞ்சின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டியை, திட்டுவார்கள். பாவம், பெரும்பாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

அந்த வண்டியின் முன் ஆக்சிலில், சக்கரத்தைச் சுற்றும் வலது பக்க ஷாஃப்ட் (தண்டு) இரண்டு துண்டு. இரண்டு முனையிலும் பல் வெட்டியிருக்கும், அதன்மேல் வளையல் மாதிரி ஒரு காலர் சறுக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் ஒரே ஷாஃப்ட், ஒதுங்கினால் தனித்தனி. காலரைத் தள்ளுவது ஒரு ஃபோர்க் (கவை), ஃபோர்க்கை இழுப்பது எஞ்சினிலிருந்து குழாயில் வரும் வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சும் விசை.

ஃபோர் வீல் வேண்டாதபோது முன்பக்கப் பாகங்கள் வீணாகச் சுற்றாமலிருக்கத்தான் இந்தப் பிரிப்பு. ஒரு பக்கத்தை மட்டும் பிரித்தால் போதுமா? போதும். இடது சக்கரம் உருளும்போது, இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிடும் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னப் பற்சக்கரங்கள், பிரிந்து நிற்கும் வலது உள்துண்டை எதிர்த்திசையில் சுற்றிவிடும், டிஃபரன்ஷியலின் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலும், டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து அதற்கு வரும் முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டும் அசையாது. தேய்மானம் கொஞ்சம் குறையும். கொஞ்சம்தான்! இறங்கிப்போய்க் கையால் திருகிச் சக்கரத்தை ஷாஃப்ட்டிலிருந்து பிரிக்கும் ஹப் லாக் இதைவிட மேல், ஆனால் கொட்டுகிற மழையில் யார் இறங்குவது?

சேற்றில் காலை வாருவதும் இதே சங்கதிதான். காலர் ஏறாவிட்டால், டிரான்ஸ்ஃபர் கேஸ் அனுப்பும் விசை எதிர்ப்பில்லாத அந்த உள்துண்டைச் சும்மா சுற்றிவிட்டு வீணாகப் போகும், இடது சக்கரத்துக்கும் ஒன்றும் வராது.

ஓடும்போது மாற்றினால் பல் நொறுங்காதா என்று கேட்பார்கள். முதலில் டிரான்ஸ்ஃபர் கேஸ் சேரும், நின்றிருந்த ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்றத் தொடங்கும், அதோடு எதிர்த்திசையில் சுற்றிய துண்டும் திரும்பிச் சக்கரத்தின் வேகத்துக்கு வந்துவிடும், அப்புறம்தான் காலர் ஏறும். வரிசை மாறினால்தான் வம்பு.

சந்தேகமா? ஃபோர் வீலில் போட்டுச் சில அடி ஓட்டிவிட்டு, கியரில் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் காலர் ஏறியிருக்கிறது. அசையாமல் நின்றால், எஞ்சின் சூட்டில் காய்ந்து வெடித்த வேக்குவம் குழாயைத் தேடுங்கள்.

குழாய் மாற்றியே அலுத்தவர்கள் வண்டிக்குள்ளிருந்து ஃபோர்க்கை இழுக்கும் கேபிள் போட்டுக்கொண்டார்கள். 1997 ரேங்ளர் டிஜேயில் ஒரே துண்டு ஷாஃப்ட்டுக்குக் கம்பெனியே மாறியது. 2018 ஜேஎல்லில் பிரிந்த ஷாஃப்ட் திரும்ப வந்துவிட்டது, இப்போது ஃபோர்க்கைத் தள்ளுவது மின் மோட்டார்.