ஒரு ஊசி நிழல், ஒரு தண்ணி கேன்: எதிரி முதுகுக்குப் பின்னாடி 600 மைல்

வணக்கம் நண்பர்களே. இரண்டாம் உலகப் போர் நடந்தப்போ, 1940-ல ரால்ஃப் பேக்னால்டு எகிப்துல ஆரம்பிச்ச பிரிட்டிஷ் படை, லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப். ரோடே இல்லாத லிபியப் பாலைவனத்துல இவங்க எப்படி வழி தப்பாம போனாங்கன்னு பார்ப்போம்.

லாரியில காந்த திசைகாட்டி வேலைக்கு ஆகாது. சுத்தி இருக்கற இரும்பு, துப்பாக்கி எல்லாம் முள்ளை இழுத்துரும். அதனால பேக்னால்டு சூரிய திசைகாட்டிய வச்சாரு. 360 டிகிரி குறிச்ச வட்டத் தட்டு, நடுவுல செங்குத்தா ஒரு ஊசி. சூரியன் நகர நகர, அட்டவணையப் பார்த்துத் தட்டைத் திருப்பிக்கணும். நிழல் எந்த எண்ணுல விழுதோ அதுதான் நீங்க போற திசை. கோடையில நண்பகல்ல நிழல் ரொம்பக் குட்டையாயிரும், படிக்கவே முடியாது. அந்த நேரம் வண்டிய நிறுத்திருவாங்க.

தூரத்துக்கு மைல் மீட்டர். ஆனா மணல்ல சக்கரம் வழுக்கிச்சுன்னா, போகாத தூரத்தையும் மீட்டர் சேர்த்துக் காட்டும். அந்தப் பிழையத் திருத்தத்தான் ராத்திரி தியோடலைட்ல (கோணம் அளக்கற கருவி) நட்சத்திரம் பார்த்து, இருக்கற இடத்தைக் கணக்குப் போடறது. இங்க கடிகாரம்தான் உயிர். 4 வினாடி தப்பா ஓடினாலே, அந்தப் பகுதியில கணக்குப் போட்ட இடம் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல கிழக்கு மேற்கா தள்ளிப் போயிரும். அதனால ரேடியோ நேர சமிக்ஞையோட ஒத்துப் பார்த்துக்குவாங்க.

அடுத்து தண்ணி. ரேடியேட்டர் கொதிச்சா ஆவி வீணாப் போகும். அதைக் குழாய் வழியா, பக்கத்துல கட்டின பாதி தண்ணி இருக்கற கேனுக்குள்ள விட்டாங்க. ஆவி அங்கேயே தண்ணியாயிரும். கேனும் கொதிச்சா நிறுத்து, முகப்பைக் காத்துக்கு எதிரா திருப்பு, கொஞ்சம் பொறு. ரேடியேட்டர் ஆறும்போது உள்ள வெற்றிடம் உண்டாகி, தண்ணிய அதுவே திரும்ப உறிஞ்சிக்கும். எனக்கு இதைவிட அழகான பொறியியல் தெரியல! குழாய் மூடியில ஒரு சின்னக் கசிவு இருந்தாலும் உறிஞ்சாது, அதை மறந்துராதீங்க.

இதெல்லாம் எதுக்கு? 1942 மார்ச்லேர்ந்து ஜூலை வரைக்கும், பெரும்பாலும் எகிப்தோட சீவா பாலைவனச் சோலையிலேர்ந்து ஏறத்தாழ 600 மைல் போய், திரிபோலி–பெங்காசி ரோட்டோரமா ரெண்டு ரெண்டு பேரா படுத்துக் கிடந்து, போற வர்ற டாங்கி, லாரி எல்லாத்தையும் எண்ணினாங்க. பகல்ல சில நூறு கஜம் தள்ளி, ராத்திரி இன்னும் கிட்ட வந்து, சத்தத்தையும் உருவத்தையும் வச்சுக் கணக்கு. அது ரேடியோவுல மோர்ஸ் குறியீடா கெய்ரோவுக்குப் போய்ச் சேரும். எதிரித் தரப்பு ஜெர்மன் தளபதி ரோம்மலுக்கு எத்தனை டாங்கி வருதுன்னு இந்த எண்ணிக்கை சொல்லிச்சு.