எண்பது பிரதியும் ஒரு பிரதியும்

வணக்கம். என் அப்பா சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு சாய்ப்பில் உட்கார்ந்து பத்திரம் எழுதியவர். விற்கிறவர், வாங்குகிறவர், சாட்சிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அப்பா பேனாவை மூடிவிட்டுக் காத்திருப்பார். சத்தம் ஓய்ந்ததும், "கிணற்றில் பங்கு உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்பார். முப்பது வருஷம் கழித்து அந்தக் கிணறு வழக்குக்கு வந்தால், அன்று யார் என்ன பேசினார்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. அப்பா என்ன எழுதினார் என்றுதான் பார்ப்பார்கள்.

அதனாலோ என்னவோ, தீர்ப்பு சொன்ன நீதிபதிகளைவிட அதை எழுதி அச்சேற்றியவர்கள் மேல்தான் எனக்கு எப்போதும் ஒரு கண். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஆரம்ப காலத்தில் அந்த வேலையைச் செய்த நான்கு பேரைப் பற்றி இன்று பேசப்போகிறேன். டல்லாஸ், கிரான்ச், வீட்டன், பீட்டர்ஸ். மனப்பாடம் செய்ய வேண்டாம், நானே திரும்பத் திரும்பச் சொல்வேன்.

முதல்வர் அலெக்சாண்டர் டல்லாஸ், பிலடெல்பியா வழக்கறிஞர். அவரை யாரும் நியமிக்கவில்லை, சம்பளமும் இல்லை. நீதிமன்றத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார், மற்ற வக்கீல்களின் குறிப்புகளையும் வாங்கிக்கொள்வார், புத்தகமாகப் போட்டு விற்பார். லாபமும் அவருடையது, நஷ்டமும் அவருடையது. ஒன்று சொன்னால் நம்பமாட்டீர்கள். இன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் திரட்டில் முதல் தொகுதி என்று எண்ணப்படுவது அவர் 1790-இல் வெளியிட்ட புத்தகம். அதில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றுகூட இல்லை. மறுபடி சொல்கிறேன், ஒன்றுகூட இல்லை! எல்லாம் பென்சில்வேனியா மாகாண நீதிமன்ற வழக்குகள். அவருடைய நான்காம் தொகுதி வந்தது 1807-இல். அதற்குள் தலைநகரமே பிலடெல்பியாவை விட்டு வாஷிங்டனுக்குப் போய் ஆறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. 1800-இல் சொன்ன தீர்ப்பைப் படிக்க ஒரு வக்கீல் 1807 வரை காத்திருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த நாளில் நீதிபதிகள் ஆளுக்கொரு கருத்தாக வரிசையாகப் பேசுவார்கள், பல நேரம் வாய்மொழியாகவே. 1801-இல் தலைமை நீதிபதியாக வந்த ஜான் மார்ஷல்தான் நீதிமன்றம் முழுவதற்கும் ஒரே குரலாகத் தீர்ப்பு சொல்கிற வழக்கத்தை நிலைநிறுத்தினார். முக்கியமான தீர்ப்புகள் எழுத்திலும் கிடைக்க ஆரம்பித்தன. எழுதுகிறவருக்கு மூச்சு வந்தது.

அந்த மூச்சு கிடைத்தவர் வில்லியம் கிரான்ச். இவரே ஒரு நீதிபதி. ஜனாதிபதி ஜான் ஆடம்ஸின் மனைவி இவருக்குச் சின்னம்மா. ஆடம்ஸ் பதவியை விட்டு இறங்குகிற கடைசி நாட்களில் அவசர அவசரமாகப் போட்ட நியமனங்களில் இவருடையதும் ஒன்று. அதே அவசரத்தில் நியமனமான இன்னொருவர் மார்பரி. அவருடைய நியமன ஆணையில் கையெழுத்து விழுந்தது, முத்திரையும் விழுந்தது, ஆனால் கையில் வந்து சேரவில்லை. அவர் வழக்குப் போட்டார். நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டப் பிரிவையே அரசியலமைப்புக்கு முரண் என்று மார்ஷல் முதல்முறையாகத் தள்ளிவைத்த 1803-ஆம் வருஷத் தீர்ப்பு அந்த வழக்கில் வந்ததுதான். இன்றுவரை அதை மேற்கோள் காட்டுவது கிரான்சின் முதல் தொகுதி, 137-ஆம் பக்கம் என்றுதான். நியமன ஆணை கிடைக்காதவரின் கதையை, அது கிடைத்தவர் எழுதி வைத்திருக்கிறார்.

சரி, மூன்றாமவர் ஹென்ரி வீட்டன். எனக்கு மிகவும் பிடித்தவர். 1816-இல் முறைப்படி நியமனம், அடுத்த வருஷம் ஆண்டுக்கு 1,000 டாலர் சம்பளம். ஆனால் சும்மா இல்லை. தீர்ப்பு வந்த ஆறு மாதத்துக்குள் அச்சிட வேண்டும், எண்பது பிரதிகளை அரசுச் செயலரிடம் கொடுக்க வேண்டும். இந்த எண்பதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வரும்.

வீட்டன் செய்த வேலை சுத்தமான வேலை. அறைத் தோழரான நீதிபதி ஸ்டோரி, தன் பெயர் போடாமலே அந்தத் தொகுதிகளுக்குக் குறிப்புகள் எழுதிக் கொடுத்தார். ஆனால் எவ்வளவு சுத்தமாக எழுதினாலும் சில விஷயங்கள் நழுவும். இங்கே எனக்குப் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. வானொலி நிலையத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1818 மார்ச் மாதம். பிரிட்டிஷ் படை 1814-இல் எரித்த கட்டடம் இன்னும் சீராகாததால் நீதிமன்றம் தற்காலிக இடத்தில் நடக்கிறது. டார்ட்மவுத் கல்லூரியின் சாசனத்தை மாகாண அரசு மாற்றலாமா என்று வழக்கு. கல்லூரிக்காக எழுந்தவர் டேனியல் வெப்ஸ்டர், அங்கேயே படித்தவர். மணிக்கணக்காகச் சட்டம் பேசினார். முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு மார்ஷலைப் பார்த்து, "அது சின்னக் கல்லூரிதான், ஐயா. ஆனாலும் அதை நேசிக்கிறவர்கள் இருக்கிறார்கள்" என்றார். அவருக்கே குரல் அடைத்துவிட்டது. மார்ஷல் ஒரு சொல்லும் தவறக்கூடாது என்பதுபோல முன்னால் குனிந்திருந்தார், கண்ணில் நீர்.

இப்போது வீட்டனின் நான்காம் தொகுதியை எடுத்துப் புரட்டுங்கள். வெப்ஸ்டரின் வாதம் பக்கம் பக்கமாக இருக்கிறது. முன் தீர்ப்புகள் இருக்கின்றன, லத்தீன் இருக்கிறது. அந்த ஒரு வரி இல்லை. அது நமக்குக் கிடைத்தது எப்படி? அன்று அங்கே உட்கார்ந்து கேட்ட யேல் கல்லூரிப் பேராசிரியர் குட்ரிச் 34 வருஷம் கழித்து, 1852-இல், வெப்ஸ்டர் இறந்த பிறகு ஞாபகத்திலிருந்து எழுதிய கடிதத்தில். அமெரிக்க நீதிமன்ற வரலாற்றிலேயே அதிகம் பேருக்குத் தெரிந்த வாக்கியங்களில் ஒன்று, தீர்ப்புத் திரட்டுக்கு வெளியே இருக்கிறது. வீட்டனைக் குறை சொல்ல முடியுமா? கிணற்றில் பங்கு உண்டா என்பதை அவர் எழுதினார். அழுததை எழுதவில்லை.

நான்காமவர் ரிச்சர்ட் பீட்டர்ஸ். 1827-இல் வீட்டன் தூதராக டென்மார்க் போனார், இவர் அந்த இடத்துக்கு வந்தார். முந்தைய மூன்று பேரும் போட்ட 25 தொகுதிகளை எந்த ஊர்ப்புற வக்கீல் வாங்குவார்? பீட்டர்ஸ் வக்கீல்களின் வாதத்தையும் குறிப்புகளையும் வெட்டி, ஆறு தொகுதியாகச் சுருக்கி மலிவாக விற்றார். பாடப் புத்தகத்துக்குப் பதிலாகப் பிள்ளைகள் நோட்ஸ் வாங்குவதில்லையா, அது மாதிரி. வீட்டனின் பழைய தொகுதிகளை அப்புறம் யார் தொடுவார்கள்?

வீட்டன் வழக்குப் போட்டார். வழக்கு அவருடைய பழைய நண்பர்களிடமே, உச்ச நீதிமன்றத்துக்கே வந்தது. டென்மார்க்கிலிருந்து கடல் கடந்து வந்தார். அவருக்காக வாதாடியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே வெப்ஸ்டர்! 1834-இல் தீர்ப்பு. நீதிபதிகள் சொல்லும் தீர்ப்பில், அதைத் தொகுத்து அச்சிடுகிற எந்த ரிப்போர்ட்டருக்கும் உரிமை கிடையாது, நீதிபதிகளே நினைத்தாலும் கொடுக்க முடியாது. இதில் எல்லா நீதிபதிகளும் ஒரே கருத்து, ஸ்டோரி உட்பட. வீட்டன் தானே எழுதிய பகுதிகளுக்கு உரிமை கேட்கலாம். ஆனால் பதிப்புரிமைச் சட்டம் சொன்ன சடங்குகளை ஒன்று விடாமல் செய்திருக்க வேண்டும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பு சொன்னார்கள், இரண்டு பேர் மட்டும் இதை மறுத்தார்கள். செய்தித்தாளில் நாலு வாரம் விளம்பரம். அரசுச் செயலரிடம் ஒரு பிரதி. ஐயா, அதே செயலரிடம் எண்பது பிரதி கொடுத்தேனே என்றது வீட்டன் தரப்பு. அது சம்பளச் சட்டத்துக்கான எண்பது, இது பதிப்புரிமைக்கான ஒன்று, அந்த ஒன்று எங்கே என்று கேட்டுவிட்டார்கள். எந்த அலுவலகத்திலாவது வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் கேள்வி பழகியதுதான்.

அதைச் செய்தாரா இல்லையா என்று விசாரிக்க வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியது. இழுத்துக்கொண்டே போனது. 1848-இல் வீட்டன் இறந்தார், சில வாரங்களில் பீட்டர்ஸும். இந்த வழக்கின் தீர்ப்பை இன்று எங்கே படிக்கிறோம்? பீட்டர்ஸின் எட்டாம் தொகுதியில். பிரதிவாதியே எழுதி, பிரதிவாதியே அச்சிட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தானாம். நம் நாட்டில் என்ன நிலை என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீதிமன்றம் தடுக்காதவரை, தீர்ப்பை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். தொகுப்பாளர் தன் அறிவைப் போட்டுப் பத்தி பிரித்து எண் கொடுத்த உழைப்புக்கு ஓரளவு உரிமை உண்டு என்று 2007-இல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவில் 1870-களில் பழைய தொகுதிகளுக்கெல்லாம் வரிசை எண் கொடுத்தார்கள், அப்படித்தான் டல்லாஸ் ஒன்றானார். பீட்டர்ஸுக்கும் நிம்மதி இல்லை, 1843-இல் நீதிமன்றமே அவரை அனுப்பிவிட்டு ஹோவர்ட் என்பவரை வைத்தது. அவரைப் பற்றி இங்கே நாலு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், மடித்துப் பையில் போட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.