விடுமுறைப் புராஜெக்ட்டை யார் வடிவமைக்க வேண்டும்? வைகைத் தண்ணீர் சொல்லும் விடை

வணக்கம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில் மதுரையின் எழுதுபொருள் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். சார்ட் அட்டையும் தெர்மாகோலும் பசையும் வாங்க அங்கே நிற்பவர்கள் பெற்றோர்கள். கோடை விடுமுறைக்கென்று பள்ளி கொடுத்த புராஜெக்ட்டைத் தாயோ தந்தையோ இரவோடு இரவாகச் செய்து முடிக்க, பிள்ளை அதை மறுநாள் சுமந்து சென்று மதிப்பெண் பெறுகிறது. அந்த வேலையில் பிள்ளையுடையது என்று சொல்ல என்ன மிஞ்சுகிறது?

விடுமுறைப் புராஜெக்ட்டை வடிவமைக்க வேண்டியவர் மாணவரா, ஆசிரியரா என்பதுதான் இந்த வீடியோவின் பொருள். என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேள்வி மாணவருடையதாக இருக்க வேண்டும். அதை ஆராயும் வழியை ஆசிரியர் அவருடன் உட்கார்ந்து வகுத்துத் தர வேண்டும். அதையும் ஏப்ரல் மாதத்திலேயே, விடுமுறை தொடங்குவதற்கு முன்பே செய்ய வேண்டும்.

[திரையில்: 1918, 1938]

வரலாற்றை விரைவாகக் கடந்துவிடுவோம். நோக்கம் கொள்வது, திட்டமிடுவது, செய்வது, மதிப்பிடுவது ஆகிய நான்கையும் இயன்ற வரை மாணவரே செய்ய வேண்டும் என்று அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் ஹெர்ட் கில்பாட்ரிக் 1918-இல் எழுதினார். அவருடைய ஆசானான ஜான் டூயியோ, அனுபவம் மிகுந்த ஆசிரியர் தன் பொறுப்பைக் கைவிட்டு ஒதுங்கி நிற்பது சரியாகாது என்று 1938-இல் வாதிட்டார். ஆசானும் சீடரும் தொடங்கிய அந்த விவாதம் இன்றும் முடியவில்லை.

[திரையில்: எட்டுப் படிகள் கொண்ட ஏணி]

என்னை மிகவும் வியக்க வைத்தது வேறொன்று. யுனிசெஃப் நிறுவனத்துக்காக 1992-இல் ராஜர் ஹார்ட் என்பவர், பிள்ளைகள் ஒரு செயலில் எந்த அளவுக்கு உண்மையாகப் பங்கேற்கிறார்கள் என்பதைக் காட்ட எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியை முன்வைத்தார். கீழிருக்கும் மூன்று படிகளை அவர் பங்கேற்பாகவே கணக்கில் கொள்ளவில்லை. பெரியவர்கள் செய்த வேலைக்குப் பிள்ளைகள் அலங்காரமாக நிற்பது அவற்றுள் ஒன்று. அம்மா செய்த எரிமலை மாதிரியைக் கையில் ஏந்தி நிற்கும் பிள்ளை அந்தப் படியில்தான் நிற்கிறது என்பேன். உச்சியில் இருக்கும் எட்டாவது படி எதுவாக இருக்கும் என்று, வீடியோவைச் சற்று நிறுத்தி நீங்களே ஊகித்துப் பாருங்கள். பிள்ளைகள் தாங்களே தொடங்கித் தாங்களே நடத்துவது என்று நினைத்திருப்பீர்கள். அது ஏழாவது படிதான். பிள்ளைகள் தொடங்கி, முடிவுகளைப் பெரியவர்களோடு பகிர்ந்துகொள்வதையே ஹார்ட் அதற்கும் மேலே வைத்தார்.

[காட்சி: சித்திரைத் திருவிழா, வைகை ஆறு]

இதை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்ளுங்கள். சித்திரா பௌர்ணமி நாளில் கள்ளழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்த அவள், "போன வாரம் மணலாகக் கிடந்த ஆற்றில் இன்று எப்படித் தண்ணீர் ஓடுகிறது?" என்று கேட்கிறாள். பள்ளி அவளுக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு நீர் சேமிப்பு. செய்ய வேண்டியது பத்து வாசகங்களை எழுதி அட்டையில் ஒட்டுவது. அவள் கேட்ட கேள்விக்கு அந்த அட்டையில் இடமே இல்லை.

சரி, முழுவதையும் அவளிடமே விட்டுவிட்டால்? "வைகை அணையைத் திறந்துவிட்டார்கள்" என்று வீட்டில் ஒருவர் ஒரே வரியில் சொல்ல, கேள்வி அங்கேயே முடிந்துவிடும். ஆசிரியர் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். "அணைக்கு அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?" என்று அவர் திருப்பிக் கேட்டால் போதும், புராஜெக்ட் மேற்குத் தொடர்ச்சி மலை ஏறிவிடும். ஆண்டிப்பட்டிக்கு அருகே 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணைக்கு, முல்லைப் பெரியாறு அணையின் நீரும் வந்து சேர்கிறது. பெரியாறோ மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்கும் ஆறு. பென்னிகுயிக் கட்டிய அந்த அணை 1895-இல் நிறைவடைந்த பிறகு, மலையைக் குடைந்து அமைத்த சுரங்கத்தின் வழியாக அந்நீர் கிழக்கே திரும்பி, கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி வைகைக்கு வருகிறது. ஆகவே அழகர் இறங்கும் தண்ணீரில் ஒரு பங்கு, மலைக்கு அந்தப் பக்கம் கேரளக் காட்டில் பெய்த மழையாக இருக்கக்கூடும்! இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது. அதைத் தானாகத் தேடிக் கண்டுபிடிக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி வழிமுறையைப் பார்ப்போம். இரண்டு அணைகளின் நீர்மட்டமும் நாளிதழ்களில் வெளியாகிறது. வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. பெரியாற்றில் 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அன்றாட அளவைக் குறித்து வரைபடம் போடலாம். அணை திறக்கப்பட்ட நாளையும் நேரத்தையும் செய்தியில் பார்த்து, கோரிப்பாளையத்து ஏ.வி. பாலத்தின் மேல் நின்று தண்ணீர் வந்து சேரும் நேரத்தைக் குறித்துக்கொண்டால், தூரத்தைக் காலத்தால் வகுத்து நீரின் வேகத்தை அவளே கணக்கிடலாம். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுத்த காலத்தைப் பற்றிச் செல்லூரிலோ ஆரப்பாளையத்திலோ இருக்கும் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு எழுதலாம். பெரியவர் துணையில்லாமல் ஆற்றுக்குள் இறங்கக் கூடாது என்பதை ஆசிரியர் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். இவ்வளவையும் அந்த மாணவி தனியாக வடிவமைத்திருக்க முடியாது. ஆனால் அவள் கேட்டிராவிட்டால் இதில் எதுவுமே தொடங்கியிருக்காது.

மாணவரே முழுவதையும் வடிவமைக்கட்டும் என்போரிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அப்படி விட்டால், படித்த பெற்றோரும் இணைய வசதியும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு வீட்டிலேயே ஓர் ஆசிரியர் கிடைத்துவிடுகிறார். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வேலைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைக்கு யாரும் கிடைப்பதில்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலையின் நடுவே வளரும் அந்தப் பிள்ளையிடம், நகரத்துப் பிள்ளைக்குத் தோன்றவே தோன்றாத கேள்விகள் இருக்கின்றன. அவை புராஜெக்ட்டுக்குத் தகுதியானவை என்று எடுத்துச் சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை முகூர்த்த நாளில் எவ்வளவு ஏறுகிறது என்று மே மாதம் முழுவதும் குறித்து வரும் பூ வியாபாரியின் மகனுக்கும் இது பொருந்தும்.

[திரையில்: ஏப்ரலில் செய்ய வேண்டியவை]

நடைமுறைக்கு வருவோம். விடுமுறை தொடங்குமுன் ஒவ்வொரு மாணவரும் மூன்று கேள்விகளை எழுதித் தரட்டும். ஆசிரியர் அவற்றுள் ஆராயத்தக்க ஒன்றைத் தேர்ந்தெடுக்க உதவி, யாரைக் கேட்பது, எதை அளப்பது, எப்போது நிறுத்துவது என்பதை ஒரே பக்கத்தில் அவரோடு சேர்ந்து எழுதட்டும். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் இது பெரிய வேலைதான். அதனால் மூன்று நான்கு பேரைக் குழுவாகச் சேர்த்துவிடலாம். அதற்கான நேரத்தைக் கால அட்டவணையில் ஒதுக்கித் தருவது தலைமையாசிரியரின் பொறுப்பு. பளபளக்கும் அட்டைக்கு மதிப்பெண் தருவதை நிறுத்திவிட்டு, அடித்தல் திருத்தலோடு பிள்ளை தன் கையால் எழுதிய குறிப்பேட்டுக்கு மதிப்பெண் தரட்டும். அப்படிச் செய்தால் பெற்றோர் இரவு முழுவதும் விழித்து எதையும் ஒட்ட வேண்டியிராது.

ஆசிரியர்களே, உங்கள் வகுப்பில் பிள்ளைகள் கேட்டவற்றுள் ஒரு புராஜெக்ட்டாக வளரக்கூடிய கேள்வியைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். பெற்றோர்களே, இந்த வீடியோவை உங்கள் பிள்ளையின் வகுப்பாசிரியருக்கு அடுத்த ஏப்ரலுக்கு முன்பே அனுப்பி வையுங்கள்.