இருபத்தைந்து வகை ஜாம் எதற்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

தள்ளுபடி என்றதும் நமக்கு ஆடி மாதம்தான் நினைவுக்கு வரும். ஜெர்மனியில் 'டிஸ்கவுண்ட்' கடை என்றால் பொருள் வேறு. பால், மாவு, சர்க்கரை எல்லாம் தை முதல் மார்கழி வரை குறைந்த விலையில்தான் இருக்கும். இந்த வகைக் கடைக்கு அங்கே வழிகாட்டியது ஆல்டி என்ற மளிகைக் கடைத்தொடர்.

எஸ்ஸன் நகரில், சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஷோன்னபெக் பகுதியில், 1913இல் அன்னா ஆல்பிரெக்ட் திறந்த சிறு மளிகைக் கடைதான் இதன் தொடக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மகன்கள் கார்லும் தியோவும் கடையை ஏற்றார்கள். கையில் முதல் இல்லாததால் சில சரக்குகளை மட்டுமே வைத்தார்கள். முதல் சேர்ந்த பிறகும் கூட்டவில்லை. வகை குறைந்தால் செலவும் குறைகிறது என்பது அதற்குள் பிடிபட்டுவிட்டது. 1960களின் தொடக்கத்தில், சிகரெட் விற்பதா வேண்டாமா என்ற தகராறில் அண்ணன் தம்பி பாகம் பிரித்தார்கள். வடக்கு தியோவுக்கு, தெற்கு கார்லுக்கு. இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லையை ஜெர்மானியர்கள் வேடிக்கையாக 'ஆல்டி நிலநடுக்கோடு' என்பார்கள்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கடையில் நாளுக்கு 100 பாட்டில் ஜாம் விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 வகை அடுக்கினால் ஒரு வகையில் 4 பாட்டில்தான் போகும். இரண்டே வகை என்றால் 50. ஆயிரக்கணக்கான கடைகளுக்கும் சேர்த்து அந்த இரண்டு வகையை மட்டும் கொள்முதல் செய்பவர் கேட்கும் விலைக்கு ஆலைக்காரர் இறங்கித்தான் வரவேண்டும். மேலும், பத்து நாளில் சரக்கு விற்று, ஆலைக்குப் பணம் கட்ட முப்பது நாள் தவணை இருந்தால், நடுவில் உள்ள இருபது நாளும் அந்தப் பணம் கடைக்கு வட்டியில்லாக் கடன்.

மிச்சமெல்லாம் இதன் கிளைகள். பெரிய சூப்பர் மார்க்கெட்டில் 10,000 வகைக்கு மேல் இருக்கும். ஆல்டியில் இன்றும் 2,000க்குச் சற்று முன்பின்தான். பெரும்பாலானவை கடையின் சொந்தப் பெயரில் வருவதால், விளம்பரச் செலவு விலையில் ஏறுவதில்லை. அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தைக் கிழித்து அப்படியே அடுக்குவதால், ஒவ்வொரு டப்பாவாக எடுத்துவைக்க ஆள் வேண்டாம். தள்ளுவண்டியில் நாணயம் செருகினால்தான் பூட்டுத் திறக்கும். அந்த நாணயத்தைத் திரும்பப் பெற, வண்டியை வாடிக்கையாளரே திருப்பி நிறுத்திவிடுவார். ஸ்கேனரைக்கூட 2000ஆம் ஆண்டுவாக்கில்தான் கொண்டுவந்தார்கள். அதுவரை பில் போடுபவர்கள் விலையையோ சரக்கு எண்ணையோ மனப்பாடமாகத் தட்டினார்கள். ஆரம்பகால ஸ்கேனரைவிட அந்த விரல்கள் வேகம்! பிறகு, எந்தப் பக்கம் திருப்பினாலும் படிக்கும்படி உறைகளில் பார்கோடைப் பெரிதாகவும் பல பக்கங்களிலும் அச்சிட வைத்தார்கள்.

1997இல் ஜெர்மனிக்குள் நுழைந்த அமெரிக்கக் கடைத்தொடர் வால்மார்ட் இங்கேதான் தடுமாறியது. 'தினமும் குறைந்த விலை' என்ற அதன் ஆயுதம் அந்த ஊரில் ஏற்கெனவே தெருமுனையில் கிடைத்துக்கொண்டிருந்தது. விலையை இன்னும் இறக்கிப் பார்த்தார்கள். 2000இல் போட்டிக் கண்காணிப்பு ஆணையம் குறுக்கிட்டு, பால் உள்ளிட்ட சில சரக்குகளை வாங்கிய விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று வால்மார்ட், ஆல்டி, இன்னொரு டிஸ்கவுண்ட் கடைத்தொடரான லிடில் மூவருக்கும் உத்தரவிட்டது. 2006இல் வால்மார்ட் தன் 85 கடைகளையும் மெட்ரோ என்ற ஜெர்மானிய வணிக நிறுவனத்திடம் விற்றுவிட்டு வெளியேறியது.

இன்று எடேக்கா, ரேவே, லிடிலை நடத்தும் ஷ்வார்ட்ஸ், ஆல்டி ஆகிய நான்கு குழுமங்களின் கையில் ஜெர்மனியின் மளிகை வணிகத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இருக்கிறது. ஆல்டி வெண்ணெய் விலையை மாற்றினால் மற்றவர்களும் உடனே மாற்றுகிறார்கள். வாங்குபவருக்கு இது லாபம்தான். பால் பண்ணைக்காரருக்கு அப்படியில்லை: விற்க வேறு வாசல்கள் குறைவு, பாலை நாள்கணக்கில் வைத்துக்கொண்டு பேரம் பேசவும் முடியாது.

போட்டிக்காக ஆல்டியும் இப்போது பெரிய நிறுவனங்களின் பண்டங்களையும் கடையிலேயே சுடும் ரொட்டியையும் சேர்த்திருக்கிறது. என் கணிப்பில் ஆபத்து இங்கேதான். ரொட்டி அடுப்புக்கு ஆள் வேண்டும், மின்சாரம் வேண்டும். சாயங்காலம் மிஞ்சிய ரொட்டியை, ஜாம் பாட்டிலைப் போல மறுநாளுக்கு விட்டுவைக்க முடியாது.